மூன்று விரல்கள் எங்கே?

கட்டை விரலும் சுண்டு விரலும் நீண்டிருக்க, இடையிலுள்ள மூன்று விரல்களை மடக்கிக் கையை அசைக்கிறார்கள். நலமா என்று பொருள். நன்றி என்றும் பொருள். போய் வருகிறேன் என்றும் பொருள். பசிபிக் கடலின் நடுவே, அமெரிக்காவின் 50-ஆவது மாநிலமான ஹவாய்த் தீவுகளிலே, அலைமீது பலகையேறி விளையாடும் இளைஞன் முதல் ஆளுநர் வரை அனைவர் கையிலும் இந்தச் சைகைதான். ஷாக்கா என்பது அதன் பெயர். 2024 ஜூன் திங்களில் ஆளுநர் ஜோஷ் கிரீன் கையெழுத்திட, அது மாநிலத்தின் அதிகாரபூர்வமான சைகையாகச் சட்டமேறிவிட்டது.

சைகைக்கும் ஒரு சட்டமா என்று சிரிக்கத் தோன்றும். நமக்கும் தோன்றியது. ஆனால், அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர்கள் ஓர் ஆவணப்படக் குழுவினர் என்று அறிந்ததும் சிரிப்பு நின்றது. ஸ்டீவ் சூ என்பவர் முன்னின்று எடுத்த படம் அது. இந்தக் கையசைவு எங்கே பிறந்தது, யாரிடம் பிறந்தது என்று தேடிப் புறப்பட்ட படம்.

உரிமை கொண்டாடத்தான் எத்தனை கதைகள்! திமிங்கல வேட்டைக்காரர் விட்டுச்சென்றது என்பார் ஒருவர். ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள், "குடிக்க வா" என்று கட்டை விரலை உதட்டருகே கொண்டுபோன சாடைதான் என்பார் மற்றொருவர். பழைய மோட்டார் வியாபாரி லிப்பி எஸ்பிண்டா, 1960-களில் தொலைக்காட்சி விளம்பரத்திலே காட்டிக் காட்டிப் பரப்பினார். பரப்பியது உண்மை, பரப்பியவர் பெற்றவராகிவிடுவாரா? 1976-இல் ஹொனலூலு நகரத் தலைவர் பிராங்க் பாசி, தேர்தலுக்கே அதனைப் பயன்படுத்தி வென்றார். நல்ல சின்னம் கிடைத்தால் அரசியல்வாதி விடுவானா!

இவற்றுக்கெல்லாம் முன்னே போனால், ஓவாகு தீவின் வடகரையிலே லாயே என்ற சிற்றூர். அங்கே ஹமானா காலிலி என்றொரு தொழிலாளி. பக்கத்து ஊரான கஹுக்குவின் கரும்பாலையில், உருளைகளுக்கிடையே கரும்பைத் தள்ளுவது வேலை. ஒருநாள் கரும்போடு கையும் போயிற்று. நடுவிரல்கள் மூன்றும் சக்கையாயின. அந்தக் கையைக் கொண்டு இனி ஆலைவேலை ஆகாது என்று, கரும்பு ரயிலுக்குக் காவலாளி ஆக்கினார்கள். ஓடும் ரயிலில் தொற்றி ஏறும் சிறுவர்களை விரட்ட அவர் கையை வீசுவார். கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டுமே தெரியும். சிறுவர்கள் அதையே பழகி, ஒருவருக்கொருவர் சாடை காட்டிக்கொண்டார்கள். அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு இது. லாயேதான் பிறப்பிடம் என்று சட்டமும் ஏற்றிருக்கிறது. காலிலிக்குச் சிலையும் இருக்கிறது.

நாம் ஏற்பதும் இந்தக் கதையைத்தான். ஏன்? மற்றக் கதைகள் கையை எப்படி அசைத்தார்கள் என்று சொல்கின்றன. இது ஒன்றுதான் அந்த மூன்று விரல்கள் ஏன் மறைந்தன என்று சொல்கிறது. இன்று உல்லாசப் பயணி மடக்குகிறான், படம் எடுத்துக்கொள்கிறான். காலிலி மடக்கவில்லை, தோழர்களே! உருளை எடுத்துக்கொண்டது.

அன்பின் அடையாளம் என்கிறார்கள். இருக்கட்டும், மறுக்கவில்லை. ஆனால், அன்பைப் பேசுகிற வாய் ஆலையையும் பேசவேண்டாமா? அந்த ஆலைகளின் உலகம் எப்படிப்பட்டது? சீனர், ஜப்பானியர், போர்த்துகீசியர், கொரியர், பிலிப்பைன் நாட்டார் என்று கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து குவித்தார்கள். தோட்டங்களில் தொழிலாளியின் கழுத்திலே எண் பொறித்த உலோக வில்லை, பாங்கோ என்பார்கள். பெயர் சொல்லி அல்ல, எண்ணைச் சொல்லிக் கூலி கொடுத்தார்கள். இனத்துக்கொரு குடியிருப்பு, இனத்துக்கொரு கூலி. ஒருவர் வேலைநிறுத்தம் செய்தால் மற்றவரை வைத்து முறியடிக்கலாம் அல்லவா! நம்மவர் ஹவாய்க்குப் போகவில்லை. நேட்டாலுக்கும் பீஜித் தீவுக்கும் கரும்புக்காகவே ஏற்றிச் செல்லப்பட்டவர் வழியில் வந்தவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அந்தப் பிரித்தாளும் வேலை 1946-இல் பலிக்கவில்லை. செப்டம்பர் முதல் நாள், ஏறத்தாழ 26,000 கரும்புத் தொழிலாளர் இனவேறுபாடு பாராமல் வேலையை நிறுத்தினர். தோட்டங்கள் 34-இல் 33 நின்றன. 79 நாட்கள்! மீன் பிடித்தும் வேட்டையாடியும் பொதுச் சமையல் நடத்தியும் தாக்குப்பிடித்து, வென்றார்கள். கை அசைத்துப் பேசிக்கொள்ளும் மக்களாக அவர்கள் ஆனதற்கு இந்த 79 நாட்களுக்கும் பங்குண்டு என்பது நம் எண்ணம். பாஷை பல, சோறு ஒரே பானையில்.

கஹுக்கு ஆலை 1971-இல் மூடப்பட்டது. தீவுகளின் கடைசிச் சர்க்கரை ஆலை, மாவி தீவிலே, 2016 டிசம்பரில் நின்றது.