மலைச்சாரல் மனையும் சீனர் மரபும்

சீனரது பெங்சூயி என்னும் மனைநூல், நம் கடைத்தெருக்களில் சிரிக்கும் புத்தராகவும் காற்றில் ஒலிக்கும் மணிக்கோவையாகவும் வந்து சேர்ந்துள்ளது. அவற்றை வாங்கி வாயிலில் வைப்போர் ஒரு சாரார். யாவும் மூடநம்பிக்கையென எள்ளுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் அம்மரபு வளர்ந்த மலையடிவாரத்தைக் கண்ணெடுத்தும் பார்த்திலர் என்பதே எம் கருத்து.

'பெங்' என்பது காற்று. 'சூயி' என்பது நீர். மலைநாட்டில் வீடு கட்டுவோன் முதற்கண் அஞ்சத்தக்கவை இவ்விரண்டும் அன்றோ? அம்மரபின்படி மனையின் பின்னே நிற்கும் உயர்மலை கரிய ஆமை எனப்படும்; இடப்புறக் குன்று நீல வலுசர்ப்பம்; வலப்புறக் குன்று வெண்புலி; முன்னே திறந்த வெளி செம்பறவை. இப்புனைபெயர்களை நீக்கிப் பார்ப்போமாயின் எஞ்சுவது யாது? சீன தேயத்தில் குளிர்காலக் கடுங்காற்று வடக்கினின்று வீசும். வடபுறத்து மலை அதனைத் தடுக்கும். தென்னோக்கிய வாயில் குளிர்கால வெயிலை உள்ளே விடும். மலைமுகட்டில் மனை வேண்டா என்பது காற்றிற்கு அஞ்சியும், ஓடைவாயில் வேண்டா என்பது வெள்ளத்திற்கு அஞ்சியும் கூறியனவாகவே தோன்றுகின்றன. குவாங்துங் மாகாணத்து மலைப்பகுதியில் வாழும் ஹக்கா மக்கள், வீட்டின் பின்னே உயர்ந்த அரைவட்ட மேட்டினையும், முன்னே பிறைவடிவக் குளத்தினையும் அமைத்தனர். முற்றத்து மழைநீர் அக்குளத்தைச் சேரும். அதில் மீனும் வளரும். தீப்பற்றினால் நீரும் கிடைக்கும்.

ஹாங்காங்கில் பணியாற்றிய எர்னெஸ்ட் ஐட்டெல் என்னும் ஜெர்மானிய மிஷனரி, 1873ஆம் ஆண்டில் இதுபற்றித் தனிநூல் ஒன்று இயற்றினார். அவர் இதனை ஏற்றவரல்லர். ஆயினும் இயற்கை நூலை நாடிச் சீனர் இருளில் துழாவிய முயற்சியாக இதனைக் கண்டார். இகழ்வதற்கு முன் பயின்ற அவரது பொறுமையை யாம் பெரிதும் மதிக்கின்றோம்.

ஹாங்காங்கின் பழைய சிற்றூர்கள் பலவற்றின் பின்னே, மலைச்சரிவில் பிறைபோல் வளைந்த சோலைகள் உள. அவற்றை வெட்டலாகாது என்பது ஊர்க்கட்டு. இன்றும் நூற்றுக்கு மேற்பட்டவை எஞ்சியுள்ளன. வேர்கள் மண்ணைப் பிணிக்கின்றன. கிளைகள் புயற்காற்றின் வேகத்தைத் தணிக்கின்றன. அச்சோலைகளை நெடுங்காலம் காத்து நின்றது அச்சமே. மரத்தை வெட்டினால் குடிக்குக் கேடு நேருமென நம்பினமையால் கோடரி விலகி நின்றது. கிறித்தவராகிய யாம் அவ்வச்சத்தைப் போற்றோம். அவ்வச்சத்தைக் காட்டிப் பொருள் பறித்த குறிகாரர் அந்நாட்டிலும் உளர். நல்லிடம் வாய்க்கவில்லையென்று பிணத்தை ஆண்டுக்கணக்கில் அடக்காது வைத்திருந்த குடும்பங்களும் உண்டு. எனினும் அச்சத்தை அகற்றியவிடத்து, அது செய்த காவலைச் செய்ய வேறெதனை வைத்தோம்?

அதே ஹாங்காங்கில், நகரம் பெருகிய காலத்தில் சரிவுகளை வெட்டியும் மண்ணைக் கொட்டியும் மனைகள் எழுந்தன. 1972ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், தொடர்ந்து பெய்த பெருமழையில், சாவ் மாவ் பிங்கில் கொட்டிய மண்மேடு சரிந்து 71 பேரும், போ ஷான் சாலையில் மலைச்சரிவு இடிந்து 12 மாடிக் கட்டடம் ஒன்றை வீழ்த்த 67 பேரும் மாண்டனர். 1976இல் சாவ் மாவ் பிங்கில் மீண்டும் மண் சரிந்தபின், 1977இல் சரிவுகளை ஆராய்ந்து கட்டுப்படுத்தத் தனி அலுவலகம் ஒன்று நிறுவப்பட்டது. மலையின் நரம்பை அறுக்காதே என்று ஊர்முதியோர் சொல்லிவந்ததை, அளவுகோலும் மண்சோதனையும் கொண்டு அரசு செய்யத் தொடங்கியது. மலையின் உட்புறத்து மண் நனைந்து நெகிழ்வதைத் திசைக்கருவி காட்டாதாகலின் இவ்வலுவலகம் இன்றியமையாததே.

இனி, இம்மரபின் விதிகளைப் பெயர்த்துக் கொணர்ந்து நம் மலைகளில் நடுவோர்க்கு ஒரு சொல். சீன தேயத்து வடகாற்று நீலகிரியில் இல்லை. அங்கே கூடலூர்ப் பக்கத்திற்குத் தென்மேற்குப் பருவக்காற்றும், குன்னூர்ப் பக்கத்திற்கு வடகிழக்குப் பருவக்காற்றும் மிகுமழை தருவன. ஒரே மலையின் இருபுறத்திற்கும் ஒரே திசைவிதி எங்ஙனம் பொருந்தும்? அங்கு வீடு கட்டுவோர், மனைக்கு மேலுள்ள ஓடை பெருமழையில் எவ்வழி பாய்ந்ததென அவ்வூர் முதியோரையும், சரிவின் மண் எத்தன்மைத்தெனப் பொறியாளரையும் வினவிய பின்னரே அடிக்கல் நாட்டுதல் தகும். மணிக்கோவையைப் பிறகு வேண்டுமாயின் ஓசை இன்பத்திற்காக மாட்டிக்கொள்ளலாம்.