எண் பெறாத முகங்கள்

ஒட்டுப்படம் சேர்ப்பது சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கு. அதில் போய் அறத்தைத் தேடுவானேன் என்று கேட்போர் நம்மிடையே உளர். அவர்களோடுதான் நமது வழக்கு.

இத்தாலியின் மொடெனா நகரத்துப் பனினி நிறுவனம் 1970-ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பைக்கென முதல் படத்தொகுப்பை வெளியிட்டது. 2022-ஆம் ஆண்டுத் தொகுப்பில் 670 படங்கள், பொட்டலத்துக்கு ஐந்து. எவரோடும் மாற்றிக்கொள்ளாமல் தனியொருவன் அதனை நிரப்ப முனைந்தால், கணக்கியலின்படி சராசரியாகத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட பொட்டலங்களை வாங்கியாக வேண்டும்! ஆகவே, இரட்டையாய் வந்ததைக் கொடுத்து இல்லாததைப் பெறும் பண்டமாற்றே இதன் உயிர். அந்த மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அன்று ஏட்டைக் கையிலேந்தி மெஸ்ஸியைத் தேடியவர்களுள் நாமும் இருந்தோம்.

ஆயினும் அந்த ஏடு ஓர் உண்மையைச் சொல்லாமற் சொல்கிறது. அதில் எந்தப் படம் இல்லை என்பதை எண்ணோடு அறியலாம். அரங்குகளை எழுப்பிய மனிதருள் எத்தனை பேர் இல்லாமற் போயினர் என்பதற்கோ இன்றளவும் ஒத்துக்கொள்ளப்பட்ட எண் இல்லை. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாட்டவருள் பத்தாண்டுகளில் 6,500-க்கும் அதிகமானோர் கத்தாரில் இறந்தனர் என 2021-இல் இங்கிலாந்தின் கார்டியன் நாளேடு எழுதியது. அது எல்லாவகை இறப்பையும் சேர்த்த கணக்கு என்பது உண்மையே. ஆனால் அமைப்புக் குழுவின் பொதுச் செயலாளரே 2022 நவம்பரில் தொலைக்காட்சியில், நானூறு முதல் ஐந்நூறு வரை இருக்கலாம் என்றார். உயிர்களுக்கு ‘இருக்கலாம்’ என்றொரு கணக்கா?

இது நமக்குத் தொலைதூரத்துச் செய்தியன்று. காட்டுப்பள்ளியில் கப்பல்தளம் அமைத்த எல் அண்டு டி நிறுவனம், கத்தாரின் அகமது பின் அலி அரங்கைக் கூட்டாகக் கட்டியவற்றுள் ஒன்று. காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர், தளம் வரவே தம் கரையை விட்டு வேறிடம் பெயர்ந்தவர்கள். கட்டடம் எழும்போது யாருடைய கணக்கு விடுபடும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

‘போட்டியைப் புறக்கணியுங்கள்’ என்று ஐரோப்பிய நகரங்கள் சில முழங்கின. பாரிஸ் பொதுவெளித் திரைகளையே தவிர்த்தது. அது அவர்களுக்கு எளிது. வளைகுடாப் பணத்தால் அடுப்பெரியும் வீடுகள் நம் தெருக்களில் உள்ளன. அந்தப் பணத்தை இழிவென்று சொல்ல நமக்கு நா எழவில்லை. ஏட்டைக் கொளுத்தினால் ஒரு வெல்டரின் கூலியும் உயரப்போவதில்லை. இதனாலேயே நாம் கேட்பது வேறு: கணக்கும் ஈடும்.

2022-இல் மனித உரிமை அமைப்புகள், தொழிலாளருக்கு ஈடாகப் பரிசுத்தொகைக்கு நிகரான 44 கோடி டாலரையேனும் ஒதுக்குமாறு ஃபிஃபாவிடம் கேட்டன. ஈராண்டு கழித்து ஃபிஃபா அறிவித்த மரபுநிதி 5 கோடி டாலர். அது உலகச் சுகாதார நிறுவனம், ஐ.நா. அகதிகள் அமைப்பு, உலக வணிக அமைப்பு ஆகியவற்றின் திட்டங்களுக்குப் போயிற்று. நல்ல பணிகளே, ஆயினும் இறந்தவன் மனைவிக்கு அவற்றால் என்ன? அதற்கு அடுத்த மாதமே, 2024 டிசம்பர் 11 அன்று, வேறு போட்டியாளரே இல்லாத நிலையில் 2034-ஆம் ஆண்டுக் கோப்பை சவூதி அரேபியாவுக்கு வழங்கப்பட்டது. பதினைந்து அரங்குகள், பெரும்பாலானவை இனிமேல் கட்டப்பட வேண்டியவை.