சேறு அளந்த உடம்பு

உம்பளச்சேரிக் காளையைக் காங்கேயம் காளைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் குட்டையாகத்தான் தெரியும். "இவ்வளவுதானா?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். உயரம் இல்லாததைக் குறை என்று யார் முடிவு செய்தது?

இந்த மாடு பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் கடைமடையைச் சேர்ந்தது. அந்தப் பகுதி இன்றைக்கு நாகப்பட்டினம் மாவட்டம். தலைஞாயிறு பக்கத்து உம்பளச்சேரிதான் இந்த மாட்டின் சொந்த ஊர். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து, வடிய வழியில்லாமல் தேங்குகிற களிமண் பூமி. வயலைச் சேறாக்கும் தொளி உழவில் கால் ஆழப் புதையும். நெடிய, கனத்த மாடு அங்கே காலைப் பிடுங்கிப் பிடுங்கியே களைத்துவிடும். குட்டையான உறுதியான கால், இறுகிய உடம்பு, வைக்கோலையும் உவர்மண் புல்லையும் தின்று நிற்கிற வயிறு: இவையெல்லாம் அந்தச் சேறு கேட்டு வாங்கியவை. கன்று சிவப்பாகப் பிறந்து 6 முதல் 8 மாதத்துக்குள் சாம்பல் நிறமாகும். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, காலில் வெள்ளை. அழகுதான்; ஆனால் நான் முதலில் பார்ப்பது காலின் கட்டு.

வேலைக்கேற்ற உடம்பா என்று இன்றும் அளந்து பார்க்கிற வழக்கம் வேறொரு விலங்குக்கு உண்டு. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் 19ஆம் நூற்றாண்டில் நரிவேட்டைக்காக டெரியர் நாய்களை வளர்த்தார். அவர் பெயர் தாங்கிய ஜாக் ரஸ்ஸல் டெரியரை இன்றும் நாய்க் கண்காட்சி நடுவர் தொட்டுத்தான் மதிப்பிடுகிறார். முன்னங்காலுக்குப் பின்னால் இரண்டு கைகளாலும் நெஞ்சை வளைத்துப் பிடிப்பார். பிடிக்குள் அடங்காத நெஞ்சு நரிவளைக்குள் நுழையாது. பெரும்பாலும் வீட்டு நாயாகிவிட்ட பிறகும் வேலையின் அளவு மாறவில்லை.

நம்மிடம் அந்த அளவு நழுவுகிறது. டிராக்டர் வந்து மாட்டு உழவு போயிற்று. பாலோ நாளுக்குச் சுமார் 2 லிட்டர்தான்; கலப்பினப் பசுவோடு அதை ஒப்பிட்டால் தோற்றுப்போகும். திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கை அரசுப் பண்ணையில் இந்த இனத்தைக் காத்து வருகிறார்கள். வெளியே, மாட்டுக் கண்காட்சிகளில் உயரத்துக்கும் மினுமினுப்புக்கும் பரிசு கொடுத்தால், உயரத்துக்காகக் காங்கேயம் கலப்புக் காளையை நாடுவார்கள். சில தலைமுறையில் பொட்டு மிஞ்சலாம், கால் மிஞ்சாது.

பரிசு கொடுப்பவர்கள் பந்தலை விட்டு இறங்க வேண்டும். ஒரு வயலில் தண்ணீர் கட்டி, நுகம் பூட்டி, ஜோடி மாடுகள் எத்தனை சால் தளராமல் உழுகின்றன என்று பார்க்க வேண்டும். தை மாதம் அதற்கு ஆகாது. அறுவடை நேரம், வயல் காய்ந்திருக்கும். சம்பா நடவுக்கு முன்னால், புரட்டாசியில் வையுங்கள்.