எந்தப் போலி?

பட்டினப்பாக்கம் கடற்கரையில் மாலை வேளைகளில் பலூன் சுடும் பலகைகள் இரண்டு மூன்றேனும் நின்றிருக்கும். சென்ற மாதம் நம் பழைய மாணவர் ஒருவருடன் அங்கு நடந்துகொண்டிருந்தோம். தமிழ் முதுகலை முடித்தபின் கணினிப் பக்கம் திரும்பி, இப்போது டெக்சாஸில் குடியிருப்பவர். காற்றுத் துப்பாக்கியை வாங்கி ஆறு முறை சுட்டார். ஒரே ஒரு பலூன் உடைந்தது. “குழல் கோணல் ஐயா” என்று சிரித்தவர், கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். வெல்வெட் விரித்த பெட்டியில், மரப்பிடியும் நீலம் பாய்ந்த எஃகுமாக ஒரு சிறு ரிவால்வர். அவருடையதாம். “அசல் இல்லை, நகல்தான். இந்தச் சின்ன மகிழ்ச்சிகூட நம் ஊரில் ஏன் கூடாது?” என்று கேட்டார். அன்று உடனே விடை சொல்ல இயலவில்லை. இக்கட்டுரை அதற்கான முயற்சி.

அந்தப் பொருளின் அழகை மறுப்பது நேர்மையாகாது. 1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் ரிவால்வரின் வழிவந்தது அது. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னிழுக்க வேண்டும். அப்போது உருளை ஓர் அறை நகர்ந்து அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேராக நிறுத்தும். விசைக்கு ஒரே வேலை, இழுத்த சுத்தியலை விடுவிப்பது. இவ்வகையின் நகல்களைப் பெருமளவில் செய்பவர்கள் இத்தாலியர். ப்ரெஷா நகருக்கு அருகே கார்தோனே வால் த்ரோம்பியா என்னும் ஊரில் 1959இல் தொடங்கப்பட்ட ஊபெர்த்தியும், அதே வட்டாரத்தின் பியெத்தாவும் இத்தொழிலில் பேர்பெற்றவை. சிறிய கைகளுக்கும் சிறிய தோட்டாக்களுக்கும் ஏற்ப உடற்சட்டத்தைக் குறுக்கிய வடிவங்களும் உண்டு. நம் மாணவரிடம் இருப்பது அத்தகையது.

இதற்கென அமெரிக்காவில் 1987இல் உருவான சங்கம் ஒன்றும் இருக்கிறது. உறுப்பினர்கள் பழங்கால உடை உடுத்தி, எஃகுப் பலகைகளைக் குறிவைத்துச் சுடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் கட்டாயம். ஒருவர் பெயரை மற்றவர் வைத்துக்கொள்ளலாகாது. சிற்றிதழ் உலகில் உழல்பவர்களாகிய நமக்கு இதைக் கேட்டுப் பொறாமை வந்ததென்றே சொல்ல வேண்டும்.

பொறாமைக்கு வேரும் உண்டு. தீபாவளிக்கு வாங்கித் தரப்பட்ட தகரத் துப்பாக்கியும் அதன் சுருள் கேப்பும் நம் தலைமுறையின் முதல் ஆயுதம். அதை இடுப்பில் செருகிக்கொண்டு லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரின் சாகசங்களைப் படித்தோம். காமிக்ஸும் கேப்பும் சிவகாசியிலிருந்தே வந்தன. டெக்ஸ் வில்லரும் இத்தாலியர் படைத்த அமெரிக்கரே என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. நகலின் நகலைக் கையில் ஏந்தியே வளர்ந்திருக்கிறோம்.

ஆனால் ‘நகல்தான்’ என்ற சொல்லில்தான் நமக்கு இடறுகிறது. வகுப்பில் போலியைப் பற்றிச் சொல்லும்போது, அது ஏமாற்று அன்று என்று முதலிலேயே தெளிவுபடுத்துவது வழக்கம். அறம் அறன் ஆகும். பந்தல் பந்தர் ஆகும். எழுத்து மாறும், பொருள் மாறாது. பந்தரின் கீழும் நிழல் உண்டு. தெருவழக்கில் போலி என்றால் வேறு: தோற்றம் இருக்கும், செயல் இராது. தீபாவளித் துப்பாக்கி தெருவழக்குப் போலி. இத்தாலிய ரிவால்வரோ இலக்கணப்படியான போலி. அதை ‘நகல்தான்’ என்பவர், இலக்கணப் பொருளில் ஒன்றை வாங்கி, தெருவழக்குப் பொருளில் நமக்குச் சமாதானம் சொல்கிறார்.

இச்சொற்குழப்பம் உயிரையும் வாங்கியிருக்கிறது. 2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்ஸிகோவில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பின்போது நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த ரிவால்வர் வெடித்து, ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் இறந்தார், இயக்குநர் காயமுற்றார். அந்த ரிவால்வர் பியெத்தா செய்த நகல். மருந்தில்லாப் போலித் தோட்டாக்களுக்கிடையே மெய்யான ஒன்று கலந்திருந்தது. ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024இல் 18 மாதச் சிறை விதிக்கப்பட்டது. நடிகர் மீதான வழக்கு அதே ஆண்டு தள்ளுபடியானது. அங்கிருந்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள் என்பதை மறக்கலாகாது.

அவ்வளவு தூரம் போவானேன்? 1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்து வீட்டில் எம். ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தனர், எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. முந்தைய மாதம்தான் இருவரும் நடித்த ‘பெற்றால்தான் பிள்ளையா’ வெளிவந்திருந்தது. பேச்சு முற்றிய ஓர் அறையில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தது என்பதே அந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்க வேண்டியது. நடிப்புத் துப்பாக்கிகளோடு பழகிய பழக்கம் எவரையும் காப்பாற்றவில்லை.

நம் மாணவரின் கேள்விக்குள் ஒரு வரலாற்றுக் குறையும் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்வோம். 1878இன் ஆயுதச் சட்டம் இந்தியரை நம்பத்தகாதவர் எனக் கருதி இயற்றப்பட்டது. ஐரோப்பியருக்கு விலக்கு, நமக்கு உரிமம். 1887இல் இதே சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தச் சினம் நியாயமானது. விடுதலைக்குப் பின் 1959இல் புதிய சட்டம் வந்தது. உரிமம் நின்றது, இனப் பாகுபாடு ஒழிந்தது. 2019இன் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. 2016இன் விதிகளின்படி, குழல்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. பலூன் பலகைக்காரர் பிழைப்பது அந்த எல்லைக்குள்தான்.

அவமதிப்பாக வந்த ஒரு கட்டுப்பாடு, நாமே நமக்கு விதித்துக்கொள்ளும்போது விவேகமாகலாம் என்பது நம் கருத்து. குறிபார்த்துச் சுடுதல் ஒரு கலை. பயிற்சிக் கழகங்களில், மேற்பார்வையில், சுட்டபின் ஆயுதத்தை அங்கேயே பூட்டிவிட்டு வருமாறு அது வளரட்டும். அத்தகைய ஓரிடத்தில் ஊபெர்த்தி ஒன்றைக் கையில் கொடுத்தால் நாமும் ஆவலுடன் சுட்டுப்பார்ப்போம். வீட்டு அலமாரிக்கு மட்டும் அது வேண்டாம். வீட்டில் இருக்கும் துப்பாக்கி உரிமம் பெற்றவருக்கு மட்டும் உரியதன்று. அவர் சினத்துக்கும், மகனின் தோல்விக்கும், பேரனின் ஆர்வத்துக்கும் சேர்த்தே உரியது. ஐந்து தோட்டாக்களை மட்டும் இட்டு, சுத்தியலின் கீழ் ஒரு அறையை வெறுமையாக விட வேண்டும் என்பது அந்தச் சங்கத்தாரே கடைப்பிடிக்கும் விதி. தம் கருவியை நேசிப்பவர்களே அதை முழுதும் நம்பவில்லை.

இவற்றை மாணவருக்கு எழுதி அனுப்பினோம். மறுமொழி சுருக்கமாக வந்தது: பெட்டியின் சாவியை இப்போது எங்கே வைக்கிறார் என்று அவர் மனைவி கேட்டாராம். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்குப் பதினோரு வயது. அடுத்த விடுமுறைக்கு அவனையும் பட்டினப்பாக்கத்துக்கு அழைத்து வருவதாக எழுதியிருக்கிறார். கோணல் குழலோடு அந்தப் பலகை அப்போதும் அங்கே நிற்குமென நம்புகிறோம்.