கலங்கிய நீரும் கலங்காத மனமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி.)

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது நம் முன்னோர் மொழி. இதன் பொருளை நான் ஏட்டில் கற்கவில்லை. நான்கு மீன்களைப் பலிகொடுத்துக் கற்றேன். அந்தக் கதையையும், அதனின்று நான் கொண்ட கருத்தையும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்கவே இக்கட்டுரை.

அறிவியல் கண்காட்சிக்காக நூறு லிட்டர்க் கண்ணாடித் தொட்டியொன்றில் கடல்நீர் மீன்கள் வளர்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு லிட்டர்க் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உண்டு. ஆகவே நூறு லிட்டருக்கு மூன்றரைக் கிலோ. சமையல் உப்பு இதற்கு உதவாது. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியனவும் சேர்ந்த உப்புக்கலவை வேண்டும். கலவையைக் கரைத்து, மணல் பரப்பி, காற்றூட்டியை இயக்கினேன். முதல் நாள் நீர் சுண்ணாம்புத் தண்ணீர் போல் வெளுத்திருந்தது. மூன்றாம் நாள் தெளிந்தது. உடனே சென்னை கொளத்தூரிலிருந்து நான்கு நீல டாம்செல் மீன்களை வாங்கி வந்து விட்டேன். அவை பசித்திருக்குமோ என்றஞ்சி வேளைதோறும் இரையும் இட்டேன்.

ஆறாம் நாள் நீர் மறுபடியும் கலங்கியது. பதறினேன். பாதி நீரைக் கொட்டினேன். மணலையும் வடிகட்டிப் பஞ்சையும் குழாய் நீரில் அலசினேன். புதிதாய் உப்புநீர் ஊற்றினேன். ஒரு நாள் தெளிந்து மறுநாள் மீண்டும் கலங்கியது. மறுபடியும் அதையே செய்தேன். மூன்றாம் முறை நீர் பளிங்கு போல் தெளிந்தபோது, வென்றுவிட்டேன் என்று நண்பர்களிடம் பெருமை பேசினேன். மறுநாள் காலையில் மீன்கள் நான்கும் செத்து மிதந்தன. கலங்கிய நீரில் உயிரோடிருந்தவை தெளிந்த நீரில் மாண்டன! இது எதனால்?

எங்கள் ஊர் ஜவ்வாது மலைமேலுள்ள ஜமுனாமரத்தூர். மழைக்காலத்தில் ஓடை நீர் செம்மண் நிறமாய் வரும். என் ஆயா குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டு நீரை நிரப்பி வைப்பார். சிறிது நேரத்தில் மண் அடியில் தங்கி நீர் தெளியும். களிமண்ணின் நுண்துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நீரில் மிதப்பவை. தேற்றாங்கொட்டையிலுள்ள பொருள்கள் அவற்றைத் திரட்டிக் கனமாக்கிப் படியச் செய்கின்றன. கலங்கல் என்றால் அழுக்கு, அழுக்கைப் போக்கினால் நீர் நல்ல நீர் என்ற எண்ணம் எனக்கு அந்தக் குடத்திலிருந்து வந்ததுதான்.

ஆனால் அந்தப் பாடம் உப்புநீருக்குப் பொருந்தாது. எங்கள் மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றோடு கலக்கிறது. 2021 நவம்பரில் வந்தது போன்ற வெள்ளக் காலங்களில் மலைமண் அந்த வழியே வங்கக்கடல் வரை செல்கிறது. ஆற்றுநீர் கடலைத் தொடும் இடத்தில், கடலின் உப்புகளே துகள்களின் விலக்கு விசையை அடக்கி அவற்றைத் திரளச் செய்கின்றன. கடலுக்குத் தேற்றாங்கொட்டை வேண்டியதில்லை. உப்பே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. உப்புநீர்த் தொட்டியிலும் மணல் தூசியும், சரியாகக் கரையாத சுண்ணாம்பு வெண்மையும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். மணலை முன்னதாகவே அலசி, நிறைய நீரில் உப்பைச் சிறிது சிறிதாய்க் கரைத்தால் அந்த வெண்மைகூடப் பெரும்பாலும் தோன்றாது.

அவ்வாறாயின் ஆறாம் நாள் வந்த கலங்கல் எது? அது மண்ணன்று, உயிர். ஒரு மில்லி லிட்டர்க் கடல்நீரில் பல லட்சம் பாக்டீரியாக்கள் வாழ்ந்தும் கடல் தெளிவாகவே இருக்கிறது. மிஞ்சிய இரை அழுகி உணவு மிகுந்தவுடன் அவை பன்மடங்கு பெருகி நீரைப் பால்போல் ஆக்குகின்றன. நோய் கலங்கல் அன்று. நான் அள்ளிப்போட்ட இரை.

இதே சிக்கலை 1849-ஆம் ஆண்டளவில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் சந்தித்தார். தங்கமீன்களோடு வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியை அவர் வளர்த்தபோது, உதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. அழுகுவது எது, அதை உண்பது எது என்று சிந்தித்து, நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850-இல் இதனை வேதியியல் கழகத்துக்கு அறிவித்த அவர், பின்னர்க் கடல்நீரிலும் இம்முயற்சியைத் தொடர்ந்தார். நான் குடத்தைத் தேடினேன். அவர் காரணத்தைத் தேடினார். வேறுபாடு அவ்வளவே!

அவர் மகனும் ராபர்ட் வாரிங்டன் என்ற பெயரினரே. பின்னாளில் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மண்ணில் நைட்ரேட் உண்டாகும் முறையை ஆராய்ந்தவர் அவர். என் மீன்கள் மாண்ட காரணம் அந்த ஆராய்ச்சியோடு தொடர்புடையது. மீனின் கழிவிலும் அழுகிய இரையிலும் அம்மோனியா பிறக்கிறது. ஒருவகைப் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறுவகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை மணலிலும் பஞ்சிலும் ஒட்டி வாழ்பவை, மெதுவாகப் பெருகுபவை, ஒரு புதிய தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். நான் அலசிய ஒவ்வொரு முறையும் அரும்பிய அந்தக் குடியைக் கழுவி வெளியேற்றினேன். அம்மோனியா ஏறியது. அதற்கு நிறமில்லை. நீர் காரத்தன்மையுடையதாய் இருப்பின் அதன் நஞ்சு மேலும் கூடும், கடல்நீரோ காரத்தன்மையுடையது. கண்ணுக்குத் தெளிந்த நீர் மீனுக்கு நஞ்சாயிருந்தது!

எனவே நான் வற்புறுத்த விரும்புவது இதுவே: கடல்நீர்த் தொட்டியைக் கண்காட்சி நாளுக்காக அவசரமாய் அலங்கரிக்கக் கூடாது. முதல் ஆறு வாரம் அதில் மீன் விடாமல், ஓர் இறால் துண்டை மட்டும் இட்டு, காற்றூட்டியை நிறுத்தாமல், அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்குவதை நாள்தோறும் அளந்து எழுத வேண்டும். அதுவே நமக்குச் செய்முறைப் பாடமாகட்டும். இரண்டும் இல்லையென்று சோதனை காட்டிய பின், முதலில் ஒரே ஒரு மீனை விடுவோம். கலங்கினால் இரையை நிறுத்திவிட்டுப் பொறுத்திருப்போம். கலங்கிய குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் உண்டு என்றால் எந்த மாணவனும் தெளிந்த நீரைக் காட்டப் பதறமாட்டான்.

“மலைமேல் கடல் எதற்கு? செலவு வீண்” என்று நண்பர்கள் சிலர் கேட்கின்றனர். அவர்கள் கேள்வியில் நியாயமில்லை என்று சொல்லமாட்டேன். கடற்கரை ஊரார் நீர் கெட்டால் ஒரு குடம் மொண்டுகொள்ளலாம். நாம் கொட்டும் ஒவ்வொரு தொட்டியும் மூன்றரைக் கிலோ உப்புக்கலவையின் விலை. ஆனால் செலவு வீணானது கடலை வளர்த்ததால் அன்று, நான் காத்திராததால். மேலும், என்னைப் போல் கல்லூரிக்கு வந்த பிறகே கடலைக் கண்டவர்கள் நம்மிடையே பலர். கடல் நம் வாசலில் இல்லை என்பது அதைக் கற்காதிருக்கக் காரணமாகுமா? பாடநூலில் நைட்ரஜன் சுழற்சியை வட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து முழு மதிப்பெண் பெற்றவன் நான். அந்த அம்பு ஒவ்வொன்றும் ஓர் உயிரின் உழைப்பு என்பதை அந்தத் தொட்டிதான் எனக்குக் காட்டியது.

தொட்டி இன்று வெறுமையாய் நிற்கிறது. நண்பர்களே, அதை மீண்டும் நிரப்புவோம்! இம்முறை நீர் கலங்கட்டும், நாம் கலங்காதிருப்போம்!