கடை ஒருவருடையது, உரிமம் மற்றவருடையது

உத்தரப் பிரதேச, பீகார் கிராமங்களில் முடிதிருத்தும் தொழில் சாதியால் விதிக்கப்பட்டது. கூலியும் நெடுங்காலம் அறுவடைத் தானியமாகவே அளக்கப்பட்டது. அத்தளையை அறுக்கக் கடன் வாங்கிச் சவூதி அரேபியா சென்று, சிறு சலூன் திறக்கும் தொழிலாளியை வேறொரு தளை பிணைக்கிறது. அந்நிய முதலீட்டாளராக உரிமம் பெற அவரிடம் பெருமுதல் இல்லை. எனவே உரிமம் உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரில். மாதந்தோறும் கப்பம் கட்டியும், ஆவணத்தில் அவர் வெறும் கூலியாளே. இத்தகைய பினாமி வணிகத்துக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டம் 5 ஆண்டுவரை சிறையும் 50 லட்சம் ரியால்வரை அபராதமும் விதிக்கிறது. கடை பறிபோனாலும் முறையிட அவர் அஞ்சுவது இதனால்தான்.

அவர் அனுப்பும் அந்நியச் செலாவணியை வரவேற்கும் ஒன்றிய அரசு, தூதரகத்தின் வழியே இலவசச் சட்ட உதவியையும், சொந்த ஊரில் கடை வைக்க மலிவு வட்டிக் கடனையும் உறுதிசெய்ய வேண்டும். சாதியாயினும் கப்பமாயினும், பறிக்கப்படுவது உழைப்பின் பயனே.