எட்டாம் மாதத்தில் நடவுக்கு அனுப்பியது யார்?

'ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தால் தங்காது' என்று நம் காலனிகளில் இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் அது குறைப்பிரசவம். உலகில் இப்படிப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையில் இந்தியாதான் முதலிடம். 2020இல் மட்டும் சுமார் 30 லட்சம்.

பிள்ளை முந்திப் பிறந்தால் ஊர் தாயைத்தான் குறை சொல்கிறது. பாரம் தூக்கினாள், ஒழுங்காகச் சாப்பிடவில்லை, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்கிறார்கள். எட்டு மாத வயிற்றோடு அவரை நடவுக்கு அனுப்பியது எது என்று யாரும் கேட்பதில்லை. அன்றைக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. அவ்வளவுதான்.

குறைப்பிரசவத்துக்கு இன்னதுதான் காரணம் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. வசதியான வீட்டிலும் நடக்கிறது. ஆனால் ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம், சிறுநீர்த் தொற்று, பதின்வயதுக் கர்ப்பம், இடைவெளி இல்லாத பிரசவங்கள் எல்லாம் ஆபத்தைக் கூட்டும் என்பது மருத்துவர்கள் அறிந்ததே.

சிறுநீர்த் தொற்றையே எடுத்துக்கொள்வோம். நடவு வயலிலும் செங்கல் சூளையிலும் பெண்கள் ஒதுங்க மறைவிடம் கிடையாது. அதனால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள், வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். தொற்று வருகிறது. கவனிக்காமல் விட்டால் அதுவே பிரசவ வலியை முன்கூட்டிக் கிளப்பிவிடலாம். நிலக்காரர் வீட்டுக் கழிப்பறை பக்கத்திலேயே இருந்தாலும் நம் பெண்களுக்கு அது திறப்பதில்லை. பாடப்புத்தகம் இதைச் 'சமூகக் காரணி' என்கிறது. நாம் சாதி என்கிறோம்.

நிறுவனங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு 2017ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்திலிருந்து 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. வயல் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள்கூட இல்லை. அவருக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரொக்கத்தில் பெரும்பகுதி பிரசவத்துக்குப் பிறகே கைக்கு வருகிறது. வேலைக்குப் போகாமல் இருக்கப் பணம் தேவைப்படுவது அதற்கு முன்பல்லவா? 19 வயது நிறையாதவருக்கு அதுவும் கிடையாது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கத்தான் இந்த விதி என்பார்கள். ஆபத்து கூடுதலாக உள்ள அந்தச் சிறுபெண்ணுக்கும், அவர் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் சத்துணவை மறுத்து எதைத் தடுத்துவிட முடியும்?

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்று வாதிட்டார். அடுத்த ஆண்டு அது சட்டமானது. ஆலைப் பெண்களுக்குப் பயன்பட்டது. வயலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதமும் கூலிக்கு ஈடான தொகையை மாதாமாதம் அரசு தர வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். எழுதிக்கொடுக்க நம் தெருவில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் வீட்டில் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. 37 வாரத்துக்கு முன்பே வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, இடுப்பு வலி நிற்காவிட்டாலோ, நீரோ ரத்தமோ கசிந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள். நேரத்தோடு போய்ச் சேர்ந்தால், பிள்ளையின் நுரையீரல் முதிர உதவும் ஊசியைத் தாய்க்குப் போட முடியும். பொழுது விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.